சுரங்கம் மூடிய பிறகு: கலை வளாகம் அமைக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கத்தைக் கலை வளாகமாக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், முதலில் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கணினிப் படம்தான். கண்ணாடிச் சுவர், தொட்டிச் செடி, லேப்டாப்போடு நாலு இளைஞர்கள், பின்னணியில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம். அந்தப் படத்தைக் கொஞ்ச காலத்துக்கு அலமாரியில் வையுங்கள். இந்த வேலையில் கட்டட வடிவமைப்பாளருக்கு இடம் உண்டு, ஆனால் வரிசையில் அவர் நாலாவதோ ஐந்தாவதோ. அவருக்கு முன்னால் வக்கீல் நிற்கிறார், நிலத்தடி நீர் பார்க்கிறவர் நிற்கிறார், கூரை போடுகிறவர் நிற்கிறார், அந்தச் சுரங்கத்தில் முப்பது வருடம் உழைத்த பெரியவரும் நிற்கிறார்.

நகராட்சியிலோ, கலை அமைப்பிலோ, திட்ட ஆலோசனை நிறுவனத்திலோ இந்த வேலைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். முதுகெலும்பாக ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உள்ள சோல்ஃபெரைன் சுரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். சரியாகச் செய்தது, தடுமாறியது இரண்டுமே அங்கே பகிரங்கமாக நடந்தன. தேவைப்படும்போது பெல்ஜியம், பிரான்ஸ், போலந்து பக்கமும் போய் வருவோம்.

சோல்ஃபெரைனைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ரூர் நிலக்கரிப் பகுதியில் ஃபிரான்ஸ் ஹானியல் என்ற தொழிலதிபர் 1847இல் தொடங்கியது. 1932இல் இயங்கத் தொடங்கிய 12ஆம் எண் சுரங்கக்குழி நாளுக்கு ஏறத்தாழ 12,000 டன் கரியை மேலே கொண்டுவந்தது. அதன் கட்டடங்களை வடிவமைத்தவர்கள் ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர். இரும்புச் சட்டம், இடையில் சிவப்புச் செங்கல், நடுவில் குழிக்கு மேல் கூண்டை ஏற்றி இறக்கும் 55 மீட்டர் உயரக் கோபுரம், அலங்காரம் எதுவும் இல்லை. எஸ்ஸனின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான அது 1986 டிசம்பர் 23 அன்று மூடப்பட்டது. கரி தீர்ந்துபோய் மூடவில்லை. வெளிநாட்டுக் கரி அதைவிட மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இன்று அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் பேர் வந்துபோகிறார்கள்.

முதல் படி: இடிப்பதை நிறுத்துங்கள், வேறெதையும் தொடங்காதீர்கள்

சுரங்கம் மூடியதும் நிறுவனத்துக்கு ஒரே கவலை, பொறுப்பிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்பதுதான். இரும்புக்குக் காயலான் கடையில் விலை உண்டு, காலி மனைக்கும் விலை உண்டு, துருப்பிடித்த கட்டடத்துக்கு மட்டும் விலை இல்லை. ஆகவே வெட்டி விற்றுவிடுவார்கள். உங்களிடம் அப்போது திட்டம் இருக்காது, பணமும் இருக்காது. பரவாயில்லை. தேவைப்படுவது ஒரு தடை உத்தரவும், சொத்தைக் கையில் வாங்கிக்கொள்ளும் ஒரு பொது அமைப்பும் மட்டுமே.

சோல்ஃபெரைனில் 1986 இறுதியிலேயே மாநில அரசின் நில மேம்பாட்டு நிறுவனம் 12ஆம் குழி வளாகத்தை வாங்கிவிட்டது. என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வாங்கிப் பூட்டி, மழை வெயிலில் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது என்ற அளவில்தான் ஏற்பாடு. பழுது பார்க்க ஒரு தனி அமைப்பு 1989இல் வந்தது. நிரந்தர அறக்கட்டளை 1998இல்தான் வந்தது.

அதே வளாகத்தின் கோக் ஆலைக்கு, அதாவது கரியைச் சூளையில் சுட்டு இரும்பு உருக்கும் எரிபொருளாக்கிய ஆலைக்கு, இந்தக் கவசம் கிடைக்கவில்லை. அது 1993இல் மூடப்பட்டது. சீனாவுக்குப் பிரித்து விற்கும் முயற்சி நடந்து கைகூடாமல் போனது. பிறகு இடித்துவிடலாம் என்ற பேச்சு. 2000இல்தான் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற வளாகத்தில் அதுவும் ஒரு பகுதி. விற்பனை முடிந்திருந்தால் பாதி வளாகம் கப்பலேறியிருக்கும்.

பாதுகாப்பு உத்தரவு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்தை மட்டும் எழுதிக்கொடுத்தால் இயந்திரங்கள் போய்விடும். கன்வேயர் பாலங்கள், தண்டவாளங்கள், வைண்டிங் என்ஜின், விளக்கு அறையின் அலமாரிகள், வரைபடங்கள், சம்பளப் பதிவேடுகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நிலத்தடி வரைபடங்களின் நகலைச் சுரங்க நிறுவனம் கலைவதற்குள் வாங்கிவிடுங்கள். பின்னால் அடுத்த படியில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அவைதான் ஆதாரம்.

இரண்டாம் படி: கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அலுத்துக்கொண்டு தாண்டிப்போகும் படி இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். பழைய பஞ்சாலையையும் பழைய கிடங்கையும் மாற்றுவதற்கும் சுரங்கத்தை மாற்றுவதற்கும் உள்ள முழு வித்தியாசமும் தரைக்குக் கீழே இருக்கிறது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். சுரங்கம் இயங்கும்வரை பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் காலியான சுரங்கப் பாதைகளில் தண்ணீர் மெல்ல ஏறும். ஏறும் வழியில் உப்பு, இரும்பு, சல்ஃபேட் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். குடிநீர் எடுக்கும் அடுக்கை அது தொட்டுவிட்டால் நகரத்துக்கே பிரச்சினை. ரூர் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கரியை எடுத்ததால் மேலே நிலம் பல இடங்களில் தாழ்ந்துவிட்டது. சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல். ஆறுகளைவிடத் தாழ்வாகிவிட்ட ஊர்களைப் பம்பு வைத்துத்தான் உலர்ந்த நிலமாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பம்புகளை மூட முடியவில்லை, இனியும் முடியாது. இதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, ‘என்றென்றைக்குமான கடமைகள்’ என்று பெயர் வைத்துப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் முதல் கேள்வி: இங்கே பம்பு ஓடுகிறதா? ஓடினால் யார் செலவில், எத்தனை காலத்துக்கு? பதில் எழுத்தில் வரும்வரை நிலத்தை வாங்காதீர்கள். சுரங்க நிறுவனம் வளாகத்தை ஒரு ரூபாய்க்குத் தர முன்வந்தால் அந்தத் தாராளத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பம்புதான் இருக்கும்.

இந்தத் தண்ணீரில் லாபமும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வரும் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஜப்பானின் சனா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து, சோல்ஃபெரைன் விளிம்பில் 2006இல் எழுந்த கான்கிரீட் கனசதுரக் கட்டடத்தில், ஏறத்தாழ 29 டிகிரி சூடுள்ள சுரங்க நீரின் வெப்பத்தைச் சுவருக்குள் பதித்த குழாய்களில் ஓடவிட்டார்கள். அதனால் குளிர்நாட்டுக் கட்டடங்களில் வழக்கமாக வைக்கும் வெப்பத் தடுப்பு அடுக்கு இல்லாமல், ஒற்றைக் கான்கிரீட் சுவரோடு கட்டடம் நின்றது.

அடுத்தது வாயு. மூடிய சுரங்கத்தில் மீத்தேன் தங்கியிருக்கும். தண்ணீர் ஏறும்போது வாயுவை மேலே தள்ளும். காற்றழுத்தம் சட்டென்று இறங்கும் நாட்களில் அது தானாகவே மேலே இழுபடும். ஆகையால் தெளிவான வானிலையில் ஒருநாள் வந்து அளந்துவிட்டு, வாயு இல்லை என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கையை நம்பாதீர்கள். அழுத்தம் இறங்கும் நாளில் அளக்கச் சொல்லுங்கள். அடித்தளம், கேபிள் கால்வாய், பழைய சாக்கடை இவைதான் வாயு தேங்கும் இடங்கள். நாளைக்கு நீங்கள் கழிப்பறையும் பொருள் வைப்பறையும் கட்டப்போவதும் அங்கேதான்.

மூன்றாவது, சுரங்கக்குழி. குழியை நிரப்பி மேலே கான்கிரீட் மூடி போட்டிருப்பார்கள். நிரப்பிய மண் வருடங்கள் போகப்போக அமிழும். மூடியின் நடுவே வாயு வெளியேறும் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டுப் புல்தரை போடக் கூடாது. குழியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் உண்டு. அதற்குள் மேடை, கடை, வாகன நிறுத்தம் எதற்கும் தனி அனுமதி வேண்டும். இதில் பலருக்கு எரிச்சல் வரும், கோபுரத்தின் காலடிதான் கச்சேரி மேடைக்குச் சரியான இடம் என்று எல்லோருக்குமே தோன்றுகிறது.

மூன்றாம் படி: மேலே இருக்கும் அழுக்கைத் தரம் பிரியுங்கள்

சுரங்கமும் கோக் ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். சுரங்கப் பகுதியின் மண்ணில் பெரும்பாலும் கரித்தூளும் கல்லும்தான். கோக் ஆலையின் மண்ணில் தார், பென்சீன், பீனால், சயனைடு கலவைகள் இருக்கும். தோண்டும்போது மண் நீலமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வாயுவைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய இரும்புப் பொருளின் எச்சம் அது. கட்டடங்களுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஈயம் கலந்த பெயின்ட், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எல்லாம் உண்டு.

எல்லாவற்றையும் அள்ளி அகற்ற வேண்டும் என்பதில்லை. அகற்றுவது ஒன்று, மூடி வைப்பது இன்னொன்று, ஆள் போகாதபடி வேலி கட்டுவது மூன்றாவது. எது எங்கே என்பதைப் பயன்பாடு தீர்மானிக்கும். சோல்ஃபெரைனின் பழைய ரயில் தடங்களிலும் கழிவு மேடுகளிலும் தானாக முளைத்த பிர்ச் மரங்களைப் பிடுங்கவில்லை, அவற்றையே பூங்காவின் பகுதியாக்கிவிட்டார்கள். செலவும் மிச்சம், மண்ணைக் கிளறும் ஆபத்தும் இல்லை.

கழிவுக் கல் மேட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரியும் கந்தகமும் காற்றுப்பட்டுத் தானாகச் சூடேறும், சில மேடுகள் வருடக்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். பாதை போடுவதற்காக அப்படிப்பட்ட மேட்டை வெட்டினால் உள்ளே காற்று புகும். முதலில் வெப்பம் காட்டும் கேமரா, அப்புறம்தான் ஜேசிபி.

நான்காம் படி: உழைத்தவர்களைச் சம்பளத்துக்கு எடுங்கள்

‘சமூகப் பங்கேற்பு’ என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஓர் அத்தியாயம் இருக்கும். நடைமுறையில் அதன் பொருள் பெரும்பாலும் ஒரு மாலைக் கூட்டம், பிஸ்கட், காபி. சுரங்கத் தொழிலாளிகளுக்கு அது போதாது. அந்த இடம் அவர்களுக்கு வேலை கொடுத்தது, நுரையீரலைக் கெடுத்தது, சிலரின் தகப்பனையோ அண்ணனையோ எடுத்துக்கொண்டது. மூடியபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. பெல்ஜியத்தின் ஹெங்க் நகரில் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை 1966இல் மூட முடிவெடுத்தபோது கலவரம் மூண்டு இருவர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வாசலில் போய் நின்று, இனி இங்கே சமகாலக் கலை நடக்கும் என்று அறிவிக்கிறோம் என்பதை மறக்காதீர்கள்.

சோல்ஃபெரைனில் பார்வையாளரைச் சுற்றிக் காட்டியவர்களில் முன்னாள் தொழிலாளிகளும் இருந்தார்கள். ஒரு இயந்திரம் எப்படி ஓடியது என்பதைப் பலகையில் எழுதி ஒட்டலாம். எந்தச் சத்தம் மாறினால் ஓட வேண்டும் என்பதை அதன் பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். எனவே வழிகாட்டி வேலை, பராமரிப்பு வேலை, பழைய ஆவணங்களை அடையாளம் காணும் வேலை ஆகியவற்றுக்கு முதல் ஆண்டிலேயே ஆள் எடுங்கள். தள்ளிப்போட்டால் ஆள் இருக்க மாட்டார்கள். பேட்டிகளை ஒலிப்பதிவு செய்வதும் இதே ஆண்டில். விபத்துகளைப் பற்றியும் வேலைநிறுத்தங்களைப் பற்றியும் கேளுங்கள். மனைவிமாரிடம் தனியாகக் கேளுங்கள், கணவர் பக்கத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். புலம்பெயர்ந்து வந்தவர்களை அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். ஹெங்க் சுரங்கங்களில் இத்தாலியர், கிரேக்கர், துருக்கியர், மொராக்கோக்காரர் எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத் தீவிபத்தில் 1956இல் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள்.

இதைப் படிக்கும் தமிழருக்குக் கோலார் தங்கவயல் ஞாபகம் வந்திருக்கும். அது தங்கம், இது கரி. ஆனால் 2001 பிப்ரவரி 28 அன்று மூடிய அந்த ஊரில் தலைமுறைகளாக இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இன்று அங்கிருந்து வேலைக்காக ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வருவது ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், குடியிருப்பு லைனுக்குள் போய் வையுங்கள்.

ஐந்தாம் படி: கூரை போடுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள்

தண்ணீர் இறங்கும் கட்டடத்துக்கு எந்தத் திட்டமும் உதவாது. கிடைக்கும் முதல் பணத்தில் கூரை, மழைநீர்க் குழாய், உடைந்த ஜன்னல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே டைல்ஸ் போடாதீர்கள், வெள்ளையடிக்காதீர்கள். அந்த அழுக்குப் படிந்த சுவருக்காகத்தான் ஜனங்கள் வரப்போகிறார்கள்.

பிறகு, வளாகம் முடிவதற்கு முன்பே, கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு கோடைக்காலம், ஒரு கண்காட்சி, ஒரு விழா. பெரிய வடிவமைப்பு எதுவும் சொல்லித்தராததை இந்தத் தற்காலிகப் பயன்பாடு சொல்லித்தரும்: ஜனங்கள் எந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்தக் கூடத்தில் குளிர் தாங்கவில்லை, எங்கே பேச்சு எதிரொலித்துக் குழம்புகிறது. சோல்ஃபெரைன் கோக் ஆலையை மக்கள் பக்கம் திருப்பியது 1999இல் அங்கே நடந்த ஆற்றல் பற்றிய கண்காட்சி. சூளைகளுக்கு நடுவே ராட்டினம் சுற்றியது. 2001இல் டிர்க் பாஷ்கே, டானியல் மிலோனிச் என்ற இரு கலைஞர்கள் சரக்குக் கப்பல் கன்டெய்னர்கள் இரண்டை ஒன்றாக்கி அங்கே ஒரு நீச்சல் குளம் செய்தார்கள். கலைப்படைப்பாக வைத்ததுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள், இன்றும் கோடை விடுமுறையில் குதிக்கிறார்கள். குளிர்காலத்தில் சூளை வரிசையை ஒட்டி 150 மீட்டர் நீளத்துக்குப் பனிச்சறுக்குத் தளம். என் கணக்கில் அந்த வளாகத்தின் மிகப் புத்திசாலித்தனமான முதலீடு அந்தக் கன்டெய்னர் குளம்தான். அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை வருகிற குடும்பம் குளத்துக்கு வாரம் மூன்று முறை வரும்.

ஹெங்கில் 2012இல் வாட்டர்ஸ்கேய் சுரங்கத்தின் பழைய தலைமைக் கட்டடத்தில் மானிஃபெஸ்டா என்ற, இரண்டாண்டுக்கு ஒருமுறை இடம் மாறி நடக்கும் ஐரோப்பியக் கலைத் திருவிழா நடந்தது. பிற்பாடு அந்த இடம் தொழில்நுட்பப் பூங்காவாகத்தான் வளர்ந்தது. தற்காலிகப் பயன்பாடு நிரந்தரப் பயன்பாட்டின் ஒத்திகையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆறாம் படி: எந்தக் கட்டடம் எதற்கு என்பதை அந்தக் கட்டடத்திடமே கேளுங்கள்

சுரங்க வளாகத்தில் இரண்டு கட்டடங்கள் ஒன்றுபோல் இருக்காது. ‘பத்தாயிரம் சதுர மீட்டர் கலாசார இடம்’ என்று மொத்தமாக எழுதிவிட்டால் சிக்கல் அங்கேயே ஆரம்பம்.

குளியல் கூடத்தைப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து ஏறி வருகிறவர்கள் கரி படிந்த துணியைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு இழுத்துவிட்டுக் குளித்த இடம். அகலமான தரை, உயரமான கூரை, டைல்ஸ் சுவர், போதுமான வெளிச்சம். நடனத்துக்கு வேறென்ன வேண்டும்? சோல்ஃபெரைனில் 2002 முதல் பாக்ட் என்ற நடன, நிகழ்த்துகலை மையம் அங்கே இயங்குகிறது, பழைய டைல்ஸை விட்டுவைத்துக்கொண்டு. கம்ப்ரசர் கூடத்தில் உணவகம், இயந்திரங்களுக்கு நடுவிலேயே மேசைகள். பாய்லர் ஹவுஸை பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் மாற்றியமைத்து 1997இல் வடிவமைப்பு மையம் குடியேறியது. உப்புக் கிடங்கில் இல்யா, எமிலியா கபகோவ் தம்பதியின் பெரிய கலைப்படைப்பு ஒன்று.

கடினமானது நிலக்கரி கழுவும் ஆலை. அது கட்டடமே இல்லை, கூரை போட்ட ஓர் இயந்திரம். கரியை உச்சிக்கு ஏற்றி, தண்ணீரில் கல்லையும் கரியையும் பிரித்து, கீழே தொட்டிகளில் இறக்கும் அமைப்பு. மனிதர் நடப்பதற்கான மாடிகள் அதில் இல்லை. நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் ஓஎம்ஏ நிறுவனமும் எஸ்ஸன் கட்டடக் கலைஞர் ஹைன்ரிஷ் போலும் சேர்ந்து இதை அருங்காட்சியகமாக்கியபோது, கரி போன வழியிலேயே ஆட்களையும் விட்டார்கள். வெளியிலிருந்து நீளமான ஆரஞ்சு நிற எஸ்கலேட்டரில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறி, உள்ளே தளம் தளமாக இறங்கி வர வேண்டும். கரி சேமித்த தொட்டிகள் காட்சி அறைகளாயின. ரூர் அருங்காட்சியகம் 2010இல் திறந்தது. சுரங்கம் மூடி 23 ஆண்டுகள் கழித்து. உங்கள் திட்டத்தில் இதுபோன்ற கட்டடம் இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். எளிய கூடங்கள் முதலில் சம்பாதிக்கட்டும்.

இன்னொரு தொழில்நுட்பக் குறிப்பு. ஷுப், கிரெம்மர் கட்டிய சுவர் இரும்புச் சட்டத்துக்கு நடுவே அரைக்கல் கனத்தில் நிற்பது. நம் கொத்தனார்கள் நாலரை இன்ச் சுவர் என்பார்களே, அதுதான். இயந்திரத்துக்கு மழை படாமல் இருக்க அது போதும். ஆண்டு முழுக்க ஆட்களோ ஓவியங்களோ இருக்க அது போதாது. சுவரைக் கனமாக்கினால் கட்டடத்தின் முகமே மாறிவிடும், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் துறையோடு சண்டை வரும். பெரிய கூடத்துக்குள் சிறிய அறையொன்றைத் தனியாகக் கட்டி அதற்கு மட்டும் சூடு, குளிர், ஒலித்தடுப்பு வைப்பது பெரும்பாலும் மலிவான வழி. கூடத்தை அப்படியே விட்டுவிடலாம், வருகிறவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வரட்டும்.

கட்டடம் போதாமல் புதிதாகக் கட்ட வேண்டிவந்தால் பிரான்சின் வடக்கே இரண்டு மாதிரிகள். லான்ஸ் நகரில் பழைய சுரங்க மனையில் லூவர் அருங்காட்சியகத்தின் கிளை, 2012 டிசம்பர் 4 அன்று, சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதர் பார்பராவின் திருநாளில் திறக்கப்பட்டது. கண்ணாடியும் அலுமினியமும், தாழ்வான நேர்த்தியான கட்டடம். அந்தப் பகுதியின் கடைசிக் கரி 1990இல் மேலே வந்த உவான்யி ஊரில் பழைய கூடங்களையும் என்ஜின்களையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மெட்டாஃபோன் என்ற கச்சேரி அரங்கைக் கட்டினார்கள். கட்டடமே வாத்தியமாக ஒலிக்கும்படி அமைத்தது. லான்ஸுக்குக் கூட்டம் அதிகம். எனக்கு உவான்யிதான் பிடிக்கும்.

போலந்தின் சப்ஷே நகரத்தில் கீடோ சுரங்கத்தில் 320 மீட்டர் ஆழத்தில் கச்சேரி நடக்கிறது, மதுக்கூடமும் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, காற்றோட்டம், பம்பு, மீட்புக் குழு எல்லாம் ஓட வேண்டும். அது மூடிய சுரங்கம் அல்ல, இயங்கும் சுரங்கம். தொடக்கக்காரருக்கு ஆகாது. ஹெங்கின் வின்டர்ஸ்லாக் வளாகத்தில் மேற்பரப்பை ஒட்டிய பழைய காற்றுப் பாதைகளில் ஆட்களை நடக்கவிட்டு, கோபுரத்தின் மேல் கொண்டுபோய் விடுகிறார்கள். சுரங்கத்துக்குள் போய்வந்த உணர்வில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

ஏழாம் படி: குடியிருப்பவர் யார் என்று தெரியாமல் வீடு கட்டாதீர்கள்

முன்பு சொன்ன சனா கட்டடம் மேலாண்மையும் வடிவமைப்பும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு புதிய கல்லூரிக்காக எழுந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் படம் போட்டன. கல்லூரி சில ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. பிறகு ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறை வந்து அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. பாடம் எளியது. ஏற்கெனவே மாணவர்களும் ஆசிரியர்களும் சம்பளப் பட்டியலும் உள்ள நிறுவனத்தை இடம்பெயர்த்துக் கொண்டுவருவது, புதிய நிறுவனத்தைக் கருவாக்குவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு.

ஹெங்க் இதை நன்றாகச் செய்தது. 1988இல் மூடிய வின்டர்ஸ்லாக்கை நகராட்சி 2001இல் வாங்கி, கல்வி, படைப்புத் தொழில், கலை நிகழ்ச்சி, சுற்றுலா என நாலு தூண்களை முடிவு செய்துவிட்டுத்தான் அங்கே சீ-மைன் என்ற வளாகத்தை வளர்த்தது. கலைக் கல்லூரி, திரையரங்கு, நகரின் பண்பாட்டு மையம், சிறு நிறுவனங்கள் என எல்லாம் ஒரே சதுக்கத்தைச் சுற்றி. காலையில் மாணவர், மாலையில் சினிமாக் கூட்டம். ஒரே ஊரில் மூன்று சுரங்கங்கள் இருந்தும் மூன்றையும் கலை வளாகமாக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வாட்டர்ஸ்கேய் தொழில்நுட்பத்துக்கு. ஸ்வார்ட்பெர்க்கில் 2019 முதல் கூன் வான்மெகெலன் என்ற கலைஞரின் லாபியோமிஸ்டா, விலங்குகளும் கலையும் சேர்ந்த பூங்கா.

கலைஞர்களுக்கு ஸ்டூடியோ கொடுப்பதாக இருந்தால் வாடகையை எழுத்தில் பத்தாண்டுக்குக் கட்டிவிடுங்கள். இடம் பிரபலமானதும் முதலில் வெளியே போகிறவர்கள் அவர்கள்தான்.

எட்டாம் படி: கட்டும் பணம் வேறு, ஓட்டும் பணம் வேறு

ஐரோப்பிய வளாகங்கள் பலவற்றிலும் பிராந்திய மேம்பாட்டு நிதி கட்டுமானத்துக்கு வந்தது. அத்தகைய நிதி கட்டிமுடித்தபின் விளக்கு எரிவதற்கு வராது. நாடா வெட்டிய மறுநாளிலிருந்து மின்கட்டணம், காப்பீடு, காவல், சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் உங்கள் தலையில். ஆகவே மாநில, நகர அரசுகளோடு இயக்கச் செலவு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கட்டுமான டெண்டர். வரவுப் பக்கம் அரங்க வாடகை, உணவகம், வாகன நிறுத்தம், வழிகாட்டிச் சுற்றுக் கட்டணம். வளாகத்துக்குள் நுழைய மட்டும் கட்டணம் வைக்காதீர்கள். சோல்ஃபெரைனின் திறந்தவெளிக்குள் யாரும் இலவசமாக நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். சுற்றியிருக்கும் வடக்கு எஸ்ஸன் குடியிருப்புகள் வசதியானவை அல்ல, அங்கே வேலியும் டிக்கெட் கவுன்டரும் போட்டிருந்தால் வெளியூர்க்காரர் மட்டுமே வரும் தீவாகியிருக்கும்.

பழுப்பு நிலக்கரிக்காரர்களுக்கு, அதாவது நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தை மனத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. அங்கே கோபுரமும் இல்லை, செங்கல் கூடங்களும் குறைவு, இருப்பது பள்ளமும் ராட்சத இயந்திரங்களும். கிழக்கு ஜெர்மனியின் ஃபெரோபோலிஸைப் பாருங்கள். கோல்பா-நோர்ட் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கி, அதன் கரையில் ஐந்து பெரிய வெட்டும் இயந்திரங்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் கச்சேரி அரங்கு அமைத்திருக்கிறார்கள். இயந்திரங்களைப் பள்ளத்திலிருந்து அவற்றின் சொந்தச் சக்தியில் ஓட்டிக் கொண்டுவர முடிகிற காலத்திலேயே முடிவெடுக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு அந்த எடையை யாராலும் நகர்த்த முடியாது.

கடைசியாக, இரும்பு. கோபுரம், கன்வேயர் பாலம், இரும்புச் சட்டம் எல்லாம் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். உச்சியில் தண்ணீர் தேங்கும் மூட்டுகளை வருடத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். சாரம் கட்டிப் பழைய ஈயப் பெயின்டைப் பாதுகாப்பாகச் சுரண்டிப் புதிதாகப் பூசும் செலவு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, திறப்பு விழா நடக்கும் ஆண்டிலேயே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். விழாச் செலவில் அந்தத் தொகையைத் தொட முடியாதபடி அறக்கட்டளை விதியிலும் எழுதிவையுங்கள்.